ஜெனரிக் ஃபங்ஷனில் பெரிய பாராமீட்டர்: நகல் செலவைக் கண்டுபிடித்துக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு லட்சம் பதிவுகளை வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு பதிவும் 256 பைட். சி++ ஸ்டாண்டர்டு லைப்ரரியின் சார்ட்டைக் கூப்பிட்டு, எது முன்னால் வர வேண்டும் என்று சொல்ல இன்னொரு ஃபைலில் இருக்கும் ஒப்பீட்டு ஃபங்ஷன் ஒன்றைக் கொடுக்கிறோம். அந்த ஃபங்ஷனின் இரண்டு பாராமீட்டரிலும், நகல் வேண்டாம், ரெஃபரன்ஸ் (பொருளின் முகவரி) போதும் என்று சொல்லும் & குறி விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடுவோம். ஒப்பீடுகள் ஏறத்தாழ 16 அல்லது 17 லட்சம் வரும். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் இரண்டு பதிவுகளின் நகல், அதாவது 512 பைட். மொத்தம் 850 எம்பி அளவுக்கு நகலெடுப்பு. தரவு மொத்தமே 25.6 எம்பிதான்.

இந்த மாதிரி நேரத்தில் வரும் வழக்கமான தீர்ப்பு, "டெம்ப்ளேட் போட்டாலே மெதுவாகிவிடும்" என்பது. பெரும்பாலும் அது தப்பான தீர்ப்பு. டெம்ப்ளேட் என்பது சி++-ன் ஜெனரிக், அதாவது ஒரே முறை எழுதிப் பல வகைகளுக்கும் பயன்படுத்தும் நிரல். ஜெனரிக் என்ற வசதிக்காக நாம் கட்டும் விலை சின்னது. ஆனால் ஜெனரிக் ஒன்றை மறைத்துவிடுகிறது: வகையின் பெயருக்குப் பதில் 'டி' என்று எழுதும்போது அது 4 பைட்டா 4,000 பைட்டா என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுதுகிறவருக்கு அளவு தெரியாது, கூப்பிடுகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இடையில் தரவு நகலாகிக்கொண்டே இருக்கும். இன்னொரு நகலும் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் கம்பைலர் அந்த ஃபங்ஷனையே தனித்தனியாக உருவாக்குவதால் வரும் நிரலின் நகல். ஒன்றைக் குறைக்கப் போய் மற்றதைக் கூட்டிவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சி++, ரஸ்ட், கோ, சி# ஆகியவற்றிலிருந்து வருகின்றன. படிகளை வரிசையாகச் செய்தால் நல்லது. குறிப்பாக மூன்றாவது படியைத் தாண்டிவிட்டு நான்காவதுக்குப் போகாதீர்கள்.

படி 1: "பெரியது" என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள்

இதில் இரண்டு அர்த்தம் கலந்து கிடக்கிறது. ஒன்று, ஒரு வகை எத்தனை பைட் என்று சைஸ்ஆஃப் சொல்லும் அளவு. 4×4 டபுள் மேட்ரிக்ஸ் 128 பைட், அதாவது ப்ராசசர் மெமரியை ஒரு தடவைக்கு எடுக்கும் 64 பைட் துண்டில் (கேஷ் லைன்) இரண்டு. மற்றது, நகலெடுக்க உண்மையில் ஆகும் செலவு. சி++ வெக்டரின் சைஸ்ஆஃப் 64-பிட் கணினியில் பொதுவாக 24 பைட்தான். ஆனால் அதற்குப் பத்து லட்சம் உறுப்புகள் இருந்தால், நகலெடுக்கும்போது ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரியில்) இருக்கும் அத்தனையும் சேர்ந்து நகலாகும். லைப்ரரி ஸ்ட்ரிங்கும் அப்படித்தான். ஜிசிசி-யுடன் வரும் லைப்ரரியில் 15 எழுத்து வரை ஸ்ட்ரிங்குக்குள்ளேயே அடங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நகலுக்கும் ஒரு மெமரி ஒதுக்கீடு.

ரஸ்டில் இந்தக் குழப்பம் குறைவு. அதன் வெக்டரான 'வெக்'-ஐ மதிப்பாகக் கொடுத்தால் 24 பைட் மட்டும் நகரும், உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். முழு நகல் வேண்டுமென்றால் குளோன் என்று நீங்களே எழுத வேண்டும். கோ மொழியின் ஸ்லைஸும் 24 பைட் தலைப்பு மட்டும்தான். ஆனால் கோவில் அர்ரே வேறு, ஸ்லைஸ் வேறு. 1,024 இன்ட்64 கொண்ட அர்ரேயைப் பாராமீட்டராகக் கொடுத்தால் 8 கிலோபைட்டும் நகலாகும். ஜாவாவில் எந்த ஆப்ஜெக்டும் ரெஃபரன்ஸாகவே போவதால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. அங்கே ஜெனரிக்கின் செலவு இன்டை இன்டிஜராக மாற்றும் பாக்ஸிங்கில் இருக்கிறது. அது வேறு கதை.

சரி, எத்தனை பைட்டிலிருந்து கவலைப்படுவது? அதற்குக் கால்லிங் கன்வென்ஷனைப் பார்க்க வேண்டும். பாராமீட்டர் ப்ராசசருக்குள் இருக்கும் ரெஜிஸ்டரில் போகுமா, ஃபங்ஷன் கூப்பிடல்களுக்கான மெமரியான ஸ்டாக்கில் போகுமா என்று சொல்லும் விதி அது. லினக்ஸும் மேக்கும் பின்பற்றும் எக்ஸ்86-64 விதியில், முழு எண்களும் பாயிண்டர்களும் முதல் ஆறு ரெஜிஸ்டர்களில் போகும். ஸ்ட்ரக்ட் 16 பைட்டுக்குள் இருந்தால் அதுவும் ரெஜிஸ்டரில் போக வாய்ப்பு உண்டு. 16-ஐத் தாண்டினால் கூப்பிடுகிறவர் அதை ஸ்டாக்கில் நகலெடுத்து வைக்க வேண்டும். விண்டோஸ் 64-பிட் விதி இன்னும் கறார்: 1, 2, 4, 8 பைட் ஸ்ட்ரக்ட் மட்டும்தான் ரெஜிஸ்டரில் போகும். மற்றதெல்லாம் நகலெடுத்து அதன் முகவரி போகும். 64-பிட் ஆர்ம் சிப்களிலும் பொதுவான எல்லை 16 பைட்தான். கோ 1.17-லிருந்து ரெஜிஸ்டர் வழியாகப் பாராமீட்டர் அனுப்புகிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புள்ள அர்ரே எப்போதும் ஸ்டாக்கில்தான்.

எனவே 16 பைட் என்பது வாசல். அங்கிருந்து 64 பைட் வரை நகலின் செலவு இருக்கிறது, ஆனால் சூடான லூப்புக்குள் இல்லையென்றால் யாரும் கவனிக்கப் போவதில்லை. ரஸ்டின் கிளிப்பி கருவியில் பெரிய மதிப்புப் பாராமீட்டரை எச்சரிக்கும் விதிக்கு வழக்கமான எல்லை 256 பைட். ஹீப் வைத்திருக்கும் சி++ வகைகளுக்கு இந்த எண்களெல்லாம் பொருந்தாது. அவற்றை ஆரம்பத்திலேயே பெரியவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் மொழி ஜெனரிக்கை எப்படிச் செயல்படுத்துகிறது என்று பாருங்கள்

சி++, ரஸ்ட் இரண்டும் ஒவ்வொரு வகைக்கும் தனி நிரலைப் பிறப்பிக்கும். ரஸ்டில் இதை மோனோமார்ஃபைசேஷன் என்பார்கள். வகையின் அளவு கம்பைல் நேரத்திலேயே தெரிவதால் இன்லைன் ஆக, அதாவது ஃபங்ஷனின் உடலே கூப்பிடும் இடத்தில் பதிய, நல்ல வாய்ப்பு. விலை: நிரல் பருமன், கம்பைல் நேரம்.

சி#-ல் பாதிப் பாதி. ஸ்ட்ரக்ட் வகைகளுக்கு ஜிட் (நிரல் ஓடும்போதே கம்பைல் செய்யும் பகுதி) தனித்தனி நிரல் எழுதும். கிளாஸ் வகைகள் எல்லாம் ஒரே நிரலைப் பகிர்ந்துகொள்ளும்.

2022 மார்ச்சில் 1.18 பதிப்பில்தான் கோவுக்கு ஜெனரிக் வந்தது. அது நடுவழியில் போகிறது. ஒரே அடிப்படை வடிவம் கொண்ட வகைகளுக்கு ஒரே நிரல், கூடவே மறைவாக ஒரு டிக்ஷனரி பாராமீட்டர். பாயிண்டர் வகைகள் எல்லாம் ஒரே வடிவமாகக் கணக்கு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரிய ஸ்ட்ரக்டின் நகலைத் தவிர்க்க, 'டி' என்ற இடத்தில் பாயிண்டர் வகையையே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். நகல் போய்விடும், உண்மைதான். ஆனால் இப்போது எல்லாப் பாயிண்டர் வகைகளோடும் நிரலைப் பகிர்வதால், 'டி'-யின் மெத்தடைக் கூப்பிடும்போது எந்த மெத்தட் என்று டிக்ஷனரி வழியாகத் தேட வேண்டியிருக்கும், இன்லைன் ஆகாது. மேலும், பாயிண்டர் எங்கே போகிறது என்று கம்பைலருக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் அந்தப் பொருளை ஹீப்புக்கு அனுப்பிவிடும், அப்புறம் கார்பேஜ் கலெக்டருக்கும் வேலை கூடும். தரவை மட்டும் படிக்கும் ஜெனரிக் ஃபங்ஷன் என்றால் 'டி'-யை ஸ்ட்ரக்டாகவே விட்டுவிட்டு, பாராமீட்டரை '*டி' என்று வாங்குவது மேல்.

ஸ்விஃப்டில் ஸ்பெஷலைஸ் ஆகாத, அதாவது குறிப்பிட்ட வகைக்கென்று தனியாக உருவாக்கப்படாத, ஜெனரிக் ஃபங்ஷனுக்குப் பாராமீட்டர் முகவரியாகப் போகும். நகலெடுப்பது, அழிப்பது எல்லாம் அந்த வகைக்கான ஒரு அட்டவணை வழியாக நடக்கும். வேறு மாட்யூலில் இருக்கும் ஜெனரிக் ஃபங்ஷன் இன்லைனபிள் என்று குறிக்கப்படாவிட்டால் பொதுவாக இந்த நிலைதான். புரோட்டோகால் வகையாகச் சேமித்தால் மூன்று வேர்டு, அதாவது 24 பைட் வரை உள்ளேயே இருக்கும். தாண்டினால் ஹீப்.

ஏடாவில் பாராமீட்டர் மட்டுமல்ல, ஜெனரிக்கை இன்ஸ்டான்ஷியேட் செய்வதே (குறிப்பிட்ட வகைக்கும் மதிப்புக்கும் ஒரு இன்ஸ்டன்ஸ் உருவாக்குவதே) நகலாகலாம். ஜெனரிக்குக்கு 'இன்' முறையில் ஒரு பொருளைக் கொடுத்தால், இன்ஸ்டன்ஸ் உருவாகும்போது அது ஒரு மாறிலியாக நகலெடுக்கப்படும். 'இன் அவுட்' என்றால் அதே பொருளுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். இன்ஸ்டன்ஸை ஒரு ப்ரொசீஜருக்குள் அறிவித்தால், அந்த ப்ரொசீஜரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் நகல். பெரிய அட்டவணையை இப்படிக் கொடுக்கும் நிரலில் இன்ஸ்டன்ஸை வெளியே பேக்கேஜ் அளவுக்கு நகர்த்துவதே பாதி வேலையை முடித்துவிடும்.

படி 3: நகலைக் கண்ணால் பாருங்கள்

முதலில் ஆப்டிமைசேஷன் போட்ட பில்டில் அளக்க வேண்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. மேலே சொன்ன ஒப்பீட்டு ஃபங்ஷனை அதே ஃபைலில் லாம்டாவாக (பெயரில்லாத சின்ன ஃபங்ஷனாக) எழுதியிருந்தால், கம்பைலர் அதை இன்லைன் செய்து, ஒரே ஒரு ஃபீல்டைத்தான் படிக்கிறீர்கள் என்று கண்டு, 256 பைட் நகலை முழுக்கத் தூக்கி எறியக்கூடும். டிபக் பில்டில் பார்த்தால் பூதமாகத் தெரியும் செலவு, ரிலீஸில் இருக்கவே இருக்காது. அதே ஸ்ட்ரக்டுக்குள் ஒரு நீளமான ஸ்ட்ரிங் ஃபீல்டு இருந்தால் கதை மாறுகிறது. மெமரி ஒதுக்கும் நகலைக் கம்பைலர் அவ்வளவு எளிதாக நீக்காது.

லினக்ஸில், நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை, எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற வரிசையோடு ஓட்டிப் பாருங்கள். பட்டியலின் மேலே மெம்மூவ், மெம்காப்பி (நகலெடுப்பு), மாலாக் (மெமரி ஒதுக்கீடு) என்று வந்தால், அவற்றை யார் கூப்பிடுகிறார்கள் என்று பின்தொடருங்கள். ஒரு எச்சரிக்கை: நடுத்தர அளவு ஸ்ட்ரக்டுகளைக் கம்பைலர் மெம்காப்பியைக் கூப்பிடாமல் அங்கேயே வரிசையாக மூவ் கட்டளைகளாக எழுதிவிடும், அல்லது ரெப் மூவ்ஸ் போடும். அந்தச் செலவு மெம்காப்பி என்ற பெயரில் வராது, கூப்பிடுகிற ஃபங்ஷனின் கணக்கில்தான் ஏறும். அதனால் பெர்ஃபின் அனோடேட் பக்கத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. சின்னத் துண்டு நிரல் என்றால் மாட் காட்போல்ட் உருவாக்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஒட்டினால் போதும். கால் கட்டளைக்கு முன்னால் ஸ்டாக்கில் எத்தனை ஸ்டோர் நடக்கிறது என்று எண்ணிவிடலாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கம்பைலரையே வேலை வாங்கும் வழி. சி++-ல் சந்தேகப்படும் வகையின் காப்பி கன்ஸ்ட்ரக்டரைத் தற்காலிகமாக 'டிலீட்' என்று அறிவியுங்கள். மூவ் கன்ஸ்ட்ரக்டரை (ஹீப்பில் இருப்பதை நகலெடுக்காமல் கை மாற்றுவது) மட்டும் டிஃபால்ட்டாக விட்டுவிடுங்கள். பில்டை ஓட்டினால் நகல் நடக்கும் ஒவ்வொரு இடமும் பிழைச் செய்தியாக வரிசையில் வந்து நிற்கும். டெம்ப்ளேட்டுக்குள் ஆழத்தில் நடப்பதும் தப்பாது. செய்தி நாலு பக்கத்துக்கு வரும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். ரஸ்டில் ஸ்ட்ரக்டின் மேலிருக்கும் டிரைவ் வரியில் காப்பியை எடுத்துவிடுங்கள். தெரியாமல் நகலாகிக்கொண்டிருந்த இடங்கள், எடுத்ததையே மறுபடி எடுக்கப் பார்க்கும் பிழைகளாக வெளிவரும். கோவில் இதற்கு நேர் வழி இல்லை. ஆனால் ஸ்ட்ரக்டுக்குள் ஒரு மியூடெக்ஸ் (த்ரெட்டுகளுக்கான பூட்டு) இருந்தால், அதை மதிப்பாக நகலெடுக்கும் இடங்களைக் கோ வெட் கருவி எச்சரிக்கும். லாக், அன்லாக் என்ற இரண்டு வெற்று மெத்தட் கொண்ட காலி ஸ்ட்ரக்டை உள்ளே வைத்தாலும் அதே எச்சரிக்கை கிடைக்கும்.

கிளாங் கம்பைலரில் பெரிய மதிப்பு நகலுக்கென்றே ஒரு எச்சரிக்கைக் கொடி இருக்கிறது. கிளாங்-டைடியில் தேவையில்லாமல் மதிப்பாக வாங்கும் பாராமீட்டர், ஃபார் லூப்பில் நகலாகும் மாறி இரண்டுக்கும் தனித்தனி சோதனைகள் உண்டு.

படி 4: படிக்க மட்டும் வாங்கும் பாராமீட்டர்

ஜெனரிக் ஃபங்ஷனுக்குள் 'டி'-யைப் படிக்க மட்டும் போகிறீர்கள் என்றால் இயல்பான தேர்வு சி++-ல் 'கான்ஸ்ட் டி&', ரஸ்டில் '&டி'. சி++-ல் வெறும் 'டி' என்று எழுதினால், கூப்பிடுகிறவர் ரெஃபரன்ஸையே கொடுத்தாலும் டெம்ப்ளேட் அதை மதிப்பு வகையாகத்தான் ஊகிக்கும். நகல் நிச்சயம்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ரெஃபரன்ஸ் போட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். சின்ன வகைகளுக்கு ரெஃபரன்ஸ் சில நேரம் மெதுவாக்கும், சில நேரம் தப்பான விடையே தரும். ஒரு ஜெனரிக் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். வெக்டரில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பையும் 'கே' என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 'கே'-யை 'கான்ஸ்ட் டி&' என்று வாங்குகிறோம். வெக்டரில் 2, 3, 4 இருக்கிறது. யாரோ ஒருவர் முதல் உறுப்பையே 'கே'-யாகக் கொடுக்கிறார். முதல் சுற்றில் 2×2, முதல் உறுப்பு 4 ஆகிறது. ஆனால் 'கே' அந்த உறுப்பின் ரெஃபரன்ஸ்தானே, அதுவும் இப்போது 4. அடுத்து 3×4, அப்புறம் 4×4. வர வேண்டியது 4, 6, 8. வந்தது 4, 12, 16. கான்ஸ்ட் என்று போட்டதால் மதிப்பு மாறாது என்று நினைக்கிறோம். இந்தப் பெயர் வழியாக மாற்ற முடியாது என்பதுதான் அதன் உறுதி, வேறு வழியாக மாறலாம்.

கம்பைலருக்கும் இதே கவலை. இரண்டும் ஒரே இடமாக இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறை வெக்டரில் எழுதிய பிறகும் 'கே'-யை மெமரியிலிருந்து மறுபடி படிக்க வேண்டும், வெக்டர் கட்டளைகளாக மாற்றவும் தடுமாறும். தீர்வு எளிது: எண் வகை போன்ற சின்ன 'டி'-க்கான ஃபங்ஷனில் மதிப்பாக வாங்குங்கள், அல்லது லூப்புக்கு முன் ஒரு உள்ளூர் மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரஸ்டில் இந்தப் பிழை எழுதவே முடியாது. வெக்டரை மாற்றும் உரிமையும் அதன் உறுப்பைப் படிக்கும் உரிமையும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

அளவைப் பார்த்துக் கம்பைலரே முடிவெடுக்கும்படியும் எழுதலாம். 'டி' எளிதில் நகலாகும் வகையாகவும் இரண்டு பாயிண்டர் அளவுக்குள்ளும் இருந்தால் மதிப்பு, இல்லையென்றால் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் என்று ஒரு நிபந்தனை வகை. பூஸ்ட் லைப்ரரியின் கால் டிரெய்ட்ஸ் இந்த யோசனையைப் பல காலமாக வைத்திருக்கிறது. ஆனால் தனி ஃபங்ஷன் டெம்ப்ளேட்டில் இதைப் போட்டால், கொடுக்கும் ஆர்க்யுமென்டிலிருந்து 'டி'-யை ஊகிக்க முடியாமல் போய்விடும். கிளாஸ் டெம்ப்ளேட்டின் மெத்தடுகளில்தான் இது சுகமாக வேலை செய்யும். என் பார்வையில், லைப்ரரி எழுதுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்த அளவு சாமர்த்தியம் தேவைப்படுவதில்லை. இன்லைன் ஆகும் சின்ன ஃபங்ஷனில் ரெஃபரன்ஸின் செலவு எப்படியும் கரைந்துபோகும்.

சி#-ல் ஒரு தனிச் சிக்கல். பெரிய ஸ்ட்ரக்டை நகலெடுக்காமல் கொடுக்க 7.2 பதிப்பிலிருந்து 'இன்' பாராமீட்டர் இருக்கிறது. ஜெனரிக்கில் 'இன் டி' என்று வாங்கி, இன்டர்ஃபேஸ் வழியாக அதன் மெத்தடைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? அந்த மெத்தட் உள்ளே எதையாவது மாற்றிவிடுமா என்று கம்பைலருக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு கூப்பிடலுக்கும் முன் தற்காப்பு நகல் ஒன்றை எழுதி வைக்கும். உங்கள் ஸ்ட்ரக்ட் ரீட்ஒன்லியாகவே இருந்தாலும், ஜெனரிக் நிரலைக் கம்பைல் செய்யும் நேரத்தில் அந்த விவரம் கையில் இல்லை. நகலைத் தவிர்க்கப் போட்ட 'இன்' ஐந்து மெத்தட் கூப்பிட்டால் ஐந்து நகலாக வந்து நிற்கும். இங்கே 'ரெஃப் டி' என்று வாங்கினால் அந்தத் தற்காப்பு நகல் கிடையாது. மாற்ற மாட்டேன் என்ற உறுதி போய்விடுகிறது, அதை டாக்குமென்டில் எழுதி வையுங்கள்.

படி 5: வாங்கி வைத்துக்கொள்ளும் பாராமீட்டர்

கன்டெய்னரில் சேர்ப்பது, ஃபீல்டில் போட்டு வைப்பது மாதிரி இடங்களுக்குச் சி++-ல் பரவலான அறிவுரை: மதிப்பாக வாங்கி, உள்ளே மூவ் செய். ஸ்ட்ரிங், வெக்டர் போன்றவற்றுக்கு இது நல்ல வழி. கூப்பிடுகிறவர் தன் மாறியைக் கொடுத்தால் ஒரு நகல், ஒரு மூவ். தற்காலிக மதிப்பைக் கொடுத்தால் நகலே இல்லை.

ஆனால் 'டி' ஆயிரம் டபுள் கொண்ட ஸ்டாண்டர்டு அர்ரே என்றால்? அதற்கு ஹீப் இல்லை, எடுத்து மாற்ற ஒரு பாயிண்டரும் இல்லை. மூவ் என்றாலும் 8,000 பைட்டும் நகர்ந்தே ஆக வேண்டும். மதிப்பாக வாங்கி மூவ் செய்தால் 8,000 பைட் இரண்டு முறை நகலாகும். கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கியிருந்தால் ஒரே முறை. மூவ் மலிவு என்று பொதுப்படையாகச் சொல்வதை ஜெனரிக் நிரலில் நம்பக் கூடாது. 'டி' எதுவாகவும் இருக்கலாம் என்ற இடத்தில், கான்ஸ்ட் ரெஃபரன்ஸுக்கும் ஆர்-வேல்யூ ரெஃபரன்ஸுக்கும் (தற்காலிக மதிப்புகளை ஏற்பது) தனித்தனி ஓவர்லோடு எழுதுங்கள். அல்லது பொருளைப் போய்ச் சேர வேண்டிய இடத்திலேயே கட்டும் எம்ப்ளேஸ் பாணிக்கு மாறுங்கள்.

ரஸ்டில் மூவ் எப்போதுமே பைட் நகல்தான், ஆப்டிமைசர் நீக்கினால் உண்டு. பல அடுக்கு ஜெனரிக் ஃபங்ஷன்கள் வழியாகப் பெரிய ஸ்ட்ரக்ட் கை மாறிக்கொண்டே போனால், அதை ஒரு பாக்ஸுக்குள் போட்டு 8 பைட்டாக அனுப்புங்கள். பாக்ஸ் போடும்போதே ஒரு கவனம் தேவை. 10 எம்பி அர்ரேயை உருவாக்கி பாக்ஸ் நியூவுக்குக் கொடுத்தால், டிபக் பில்டில் அது முதலில் ஸ்டாக்கில் உருவாகி அப்புறம்தான் ஹீப்புக்குப் போகும். புதுத் த்ரெட்டின் ஸ்டாக் வழக்கமாக 2 எம்பி, நிரல் அங்கேயே விழும். வெக் மேக்ரோவால் நேராக ஹீப்பில் உருவாக்கி, பாக்ஸ் ஸ்லைஸாக மாற்றிக்கொள்வது பாதுகாப்பு.

ஸ்டாக்கைப் பற்றிப் பேசும்போதே, ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் ரிகர்ஷனையும் சொல்லிவிடலாம். மரத்தைச் சுற்றிவரும் ஜெனரிக் ஃபங்ஷன் 4 கிலோபைட் நிலையை மதிப்பாக வாங்குகிறது, மரம் 2,000 அடுக்கு ஆழம் என்றால், பாராமீட்டர் மட்டுமே ஏறத்தாழ 8 எம்பி. லினக்ஸில் மெயின் த்ரெட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஸ்டாக் மொத்தமும் அவ்வளவுதான்.

படி 6: லைப்ரரிக்குள் ஒளிந்திருக்கும் நகல்கள்

உங்கள் ஃபங்ஷனை ஒழுங்குபடுத்திய பிறகும் பெர்ஃபில் மெம்மூவ் குறையவில்லையா? நீங்கள் கூப்பிடும் ஜெனரிக் ஃபங்ஷன்களைப் பாருங்கள்.

சி++ அல்காரிதம்கள் ஃபங்ஷன் ஆப்ஜெக்டை மதிப்பாகத்தான் வாங்கும். சார்ட் உள்ளுக்குள் தன்னையே கூப்பிடும்போது அதைக் கையோடு எடுத்துப் போகும். லாம்டா எதையும் பிடித்துவைக்கவில்லை என்றால் நகலுக்குச் செலவில்லை. '[=]' என்று போட்டு உள்ளே ஒரு பெரிய மேப்பைப் பயன்படுத்தியிருந்தால், லாம்டா நகலாகும் ஒவ்வொரு முறையும் அந்த மேப் முழுக்க நகலாகும். ஒரு எழுத்தை மாற்றி '[&]' போட்டால் தீர்ந்தது. ஃபங்ஷன் ஆப்ஜெக்ட் உங்கள் கையில் இல்லை என்றால் ஸ்டாண்டர்டு ரெஃப்பால் சுற்றிக் கொடுக்கலாம்.

உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்கும் அக்யுமுலேட் இன்னொரு பழைய குற்றவாளி. தொடக்க மதிப்பை மதிப்பாக வாங்கும், ஒவ்வொரு சுற்றிலும் பழைய கூட்டலையும் புது உறுப்பையும் கொடுத்து விடையைத் திரும்ப எழுதும். சி++20-க்கு முன்பு பழைய கூட்டலை மூவ் செய்யாமல் அப்படியே கொடுத்துவந்தது. தலா 20 எழுத்து கொண்ட 10,000 ஸ்ட்ரிங்குகளை இதால் ஒட்டினால் விடை 2 லட்சம் பைட்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இதுவரை சேர்ந்தது முழுக்க நகலாவதால் மொத்தம் ஏறத்தாழ 1 ஜிபி நகலெடுப்பு. சி++20-ல் மூவ் சேர்த்ததால் இது சரியானது. கம்பைலர் கொடியை சி++20-க்கு மாற்றியதும் நிரல் வேகமானால் வியக்க வேண்டாம். பழைய பதிப்பிலேயே இருக்க வேண்டும் என்றால் சாதாரண ஃபார் லூப்பில் '+=' போடுவதே அழகு.

ஸ்டாண்டர்டு த்ரெட், பைண்ட் இரண்டும் ஆர்க்யுமென்டுகளை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ஃபங்ஷன் ரெஃபரன்ஸாக வாங்கினாலும் அந்த நகலின் ரெஃபரன்ஸ்தான் கிடைக்கும். கோவின் ஃபார் ரேஞ்ச் லூப்பில் இரண்டாவது மாறி ஒவ்வொரு உறுப்பின் நகல். பெரிய ஸ்ட்ரக்டுகளின் ஸ்லைஸ் என்றால் இன்டெக்ஸை மட்டும் வாங்கி, உறுப்பை அதன் இடத்திலேயே தொடுங்கள்.

படி 7: நிரலின் நகலைக் கட்டுப்படுத்துங்கள்

தரவின் நகலைத் துரத்துகிறவர்கள் சி++-ல் ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும், எந்த மாதிரி ஆர்க்யுமென்டையும் அப்படியே ஏற்கும் 'டி&&' ஃபார்வர்டிங் ரெஃபரன்ஸாக மாற்றிவிடுவார்கள். ஒரே வகைக்கே சாதாரண மாறி, கான்ஸ்ட் மாறி, தற்காலிக மதிப்பு என்று மூன்று இன்ஸ்டன்ஸ் உருவாகும். மூன்று பாராமீட்டர் இருந்தால் 27 வரை போகலாம். 'கான்ஸ்ட் டி&'-க்கும் ஒரு வினோதம் உண்டு. ஸ்ட்ரிங் லிட்டரலைக் கொடுத்தால் 'டி' அந்த நீளமுள்ள அர்ரேயாக ஊகிக்கப்படும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒரு நிரல், நாலெழுத்துச் சொல்லுக்கு இன்னொரு நிரல். லாக் எழுதும் டெம்ப்ளேட் ஃபங்ஷன்கள் பருத்துப்போக இது ஒரு காரணம். இங்கே மதிப்பாக வாங்கினால் எல்லாம் ஒரே பாயிண்டர் வகையாகச் சுருங்கும். ஸ்ட்ரிங் வியூவாக வாங்கினால் இன்னும் நல்லது.

சூடான நிரல் 32 கிலோபைட் போன்ற ஒரு சின்ன இன்ஸ்ட்ரக்ஷன் கேஷுக்குள் அடங்காமல் போனால், தரவு நகலில் மிச்சம் பிடித்த நேரம் இங்கே கைவிட்டுப் போகும்.

இதற்கு நல்ல வழி, ஜெனரிக் பகுதியை மெல்லிய தோலாக வைப்பது. ரஸ்டின் ஸ்டாண்டர்டு லைப்ரரியே இதைச் செய்கிறது. ஃபைலை முழுக்கப் படிக்கும் எஃப்எஸ் ரீட் ஃபங்ஷன், பாத்தாக மாற்றக்கூடிய எந்த வகையையும் ஏற்கும். ஆனால் உள்ளே இன்னர் என்று ஜெனரிக் இல்லாத ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அது '&பாத்' மட்டும் வாங்கும். வெளி ஃபங்ஷன் செய்வது மாற்றிக் கொடுப்பது மட்டும். ஸ்ட்ரிங், பாத்பஃப், ஸ்ட்ரிங் ஸ்லைஸ் என்று எத்தனை வகையில் கூப்பிட்டாலும் கனமான உடல் ஒன்றே ஒன்றுதான் உருவாகும். சி++-லும் இதே மாதிரி, டெம்ப்ளேட்டின் உள்ளே இருந்து முகவரியும் நீளமும் மட்டும் வாங்கும் சாதாரண ஃபங்ஷனைக் கூப்பிடலாம்.

எது பருத்திருக்கிறது என்று பார்க்க ரஸ்டில் கார்கோ ப்ளோட், கார்கோ எல்எல்விஎம்-லைன்ஸ் இருக்கின்றன. சி++ பைனரிக்கு கூகுளின் ப்ளோட்டி உதவும்.

படி 8: இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால்

பாராமீட்டரை விட்டுவிட்டுத் தரவைப் பாருங்கள். முதலில் சொன்ன சார்ட்டில் & போட்டு ஒப்பீட்டு நகல்களை ஒழித்துவிட்டோம். ஆனால் சார்ட் உறுப்புகளை இடம் மாற்றும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 256 பைட் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பதில், ஒப்பிடும் சாவியை 8 பைட்டாகவும் பதிவின் எண்ணை 4 பைட்டாகவும் எடுத்து ஒரு சின்ன ஜோடி அர்ரே செய்யுங்கள். அலைன்மென்டுக்காக 16 பைட் ஆகும். ஒரு லட்சம் ஜோடிக்கு 1.6 எம்பி. இதை வரிசைப்படுத்திவிட்டு, கடைசியில் பதிவுகளை ஒரே ஒரு முறை உரிய இடத்துக்கு நகர்த்தினால் போதும். பல நேரம் அதுகூட வேண்டாம், எண்கள் வழியாகவே வரிசையில் படித்துவிடலாம். ஜோடி 16 பைட் என்பதால், லினக்ஸ், மேக் போன்ற 64-பிட் கணினிகளில் அதை மதிப்பாகவே அனுப்பினாலும் ரெஜிஸ்டரில் போய்விடும்.

அடிக்கடி தொடும் ஃபீல்டுகளை ஒரு ஸ்ட்ரக்டிலும், எப்போதாவது தொடுபவற்றை இன்னொன்றிலும் பிரிப்பது இதே யோசனையின் நீட்சி. பிரித்த பிறகு சைஸ்ஆஃபுக்கு ஒரு ஸ்டாட்டிக் அசர்ட் (கம்பைல் நேரத்திலேயே நடக்கும் சோதனை) போட்டு வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது உள்ளே 200 பைட் பஃபர் ஒன்றைச் சேர்த்தால் பில்டே நின்றுவிடும், பெர்ஃபில் தேட வேண்டியிருக்காது.